கணக்கில் வராத முட்டை

கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால்
எங்களுக்குத்தான் முதலில் தெரியும்.
நின்றுபோன பைக்குகளில் பாதி
பசி வந்து எங்கள் பக்கம் திரும்பும்.
"கூட்சு போறதுக்குள்ள ஆறு டேபிளு"
கத்துவான் டில்லிபாபு,
ஏதோ அவனே கொடி காட்டி
ரயிலை வரவழைத்ததைப் போல.

பதினேழு அயிட்டத்தையும் ஒரே மூச்சில் சொல்ல
ஜிலானியால் மட்டும்தான் முடியும்.
சுக்காவில் ஒரு தூக்கு,
காடையில் கொஞ்சம் நின்று,
நெத்திலியில் சரசரவென்று இறங்குவான்.
கண் மூடிக் கேட்டவர்
கடைசியில் சொல்வார்:
"ரெண்டு இட்லி."
சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரிப்போம்.
அந்தச் சுவருக்கு
எங்கள் பல் எல்லாம் தெரியும்.

ஒரு பரோட்டாவுக்கு நான்கு முறை சால்னா கேட்பவருக்கு
நாங்கள் வைத்த பேர் ஏரி.
"ஏரி வந்துக்குது" என்றால்
பெரிய வாளியை எடுக்க வேண்டும்.
ஒருநாள் அவரே கேட்டார்,
"இன்னாப்பா, எந்த ஏரி?"
"கொளத்தூர் பக்கம் சார், நெறஞ்சிடுச்சாம்"
என்றான் டில்லி, இலையைத் துடைத்துக்கொண்டே.

ஒடிசாவிலிருந்து வந்த குஞ்சா
எங்கள் சத்தத்திலிருந்துதான் தமிழ் எடுத்தான்.
முதல் சொல்: சூடு.
இரண்டாவது: வழி.
இன்றைக்கும் பஸ் நெரிசலில்
"சூடு சூடு, வழி வழி" என்றுதான் இறங்குகிறான்.
விலகி வழிவிடுகிறார்கள் ஜனங்கள்,
வெறுங்கையோடு போகிறவனுக்கு.

முதலாளி கண்ணில் படும்படி
உட்காரக் கூடாது.
கை கழுவுமிடத்துக்குப் பின்னால்
கவிழ்த்த எண்ணெய் டின் ஒன்று உண்டு.
ஆளுக்கு நான்கு நிமிடம்.
டில்லிக்கு முட்டி வலி, அதனால் ஆறு.
யாரும் எழுதி வைக்கவில்லை,
யாரும் ஒரு நிமிடம் கூட்டியதுமில்லை.

அன்றைக்கு ராத்திரி பத்தரை.
எக்ஸ்போர்ட் கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க ஒரு பெண்,
டியூஷன் பையோடு மகள்.
"ஒரு குஸ்கா. ரெண்டு தட்டு."
மகள் சோற்றைக் கிளறினாள்.
அடியில்
வழுவழுவென்று வெள்ளையாய் ஒன்று.
தலை தூக்கி எங்களைப் பார்த்தாள்.
ஜிலானி ஃபேனைப் பார்த்தான்,
டில்லி காலண்டரை,
குஞ்சா ரோட்டை.
எனக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.
தண்ணி ஜக்கை எடுத்தேன்.

கடை சாத்தும்போது
தணிகாசலம் முதலாளி பென்சிலால் தட்டினார்.
"முட்ட ஒன்னு கொறையுது. எவன் துன்னான்?"
"நான்தான்" என்றான் ஜிலானி.
"இல்ல, நானு" என்றான் டில்லி.
"நானு துன்னேன்"
என்று சுத்தமான வடசென்னையில் குஞ்சா.
நான் வைக்கவில்லை, தின்னவுமில்லை.
கை மட்டும் தானாக உயர்ந்தது.
பின்கட்டிலிருந்து
சட்டி கழுவிய கையை உதறியபடி
ரெஜினாக்கா எட்டிப் பார்த்தாள்:
"அஞ்சா எழுதிக்கோ."

அஞ்சு பேர் சம்பளத்திலும் பதினைந்து ரூபாய் போனது.
ஒரு முட்டை அவ்வளவு விலைக்கு
அந்தத் தெருவில் அதுவரை விற்றதில்லை.
வைத்தது யார் என்று
நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மணிக்கு, கேட்டுக்கு எதிரே டீக்கடை.
ஐந்து கிளாசை ஒரே கையில் கோத்து
ஒரு பொடியன் வந்தான்.
ஐந்து பேரும் அவன் விரலைத்தான் பார்த்தோம்.
"சுண்டு விரல உள்ள மடி, சிந்தாது" என்றாள் ரெஜினாக்கா.
யாரும் சொல்லாமல்
ஜிலானி மேசையைச் சட்டைக் கையால் துடைத்தான்.
"சூடு" என்றான் குஞ்சா, தன் டீயிடம்.

மணி அடித்தது.
கேட் விழுந்தது.
பைக்குகள் நின்றன.
எழுந்திருக்காமல்
இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தோம்.